பில்லெட்டில் செம்பு ஏறுகிறது, வழி சொல்லுங்கள்

குழுவில் உள்ள மெல்ட் ஷாப் அண்ணன்மாருக்கு வணக்கம்.

பழைய இரும்பை ஆர்க் ஃபர்னஸில் (மின்சார உலையில்) உருக்கி பில்லெட் (கம்பியாக உருட்டுவதற்கான எஃகுக் கட்டை) வார்க்கும் ஆலையில் இருக்கிறேன். ரெண்டு மாதமாக ரோலிங் மில்லில் இருந்து ஒரே புகார்: கம்பியின் மேல்பரப்பில் மீன் செதில் மாதிரி வெடிப்பு. ஸ்பெக்ட்ரோவில் (உலோகக் கலவையை அளக்கும் கருவியில்) பார்த்தால் செம்பு 0.45 சதவீதம் வரை போகிறது. நசுக்கிய கார் ஸ்கிராப் வாங்க ஆரம்பித்த பிறகுதான் இந்தத் தொல்லை. செம்பு சுற்றிய மோட்டார் காயிலும் வயரும் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன.

பாஸ்பரஸ் என்றால் ஆக்சிஜன் ஊதி, சுண்ணாம்பு போட்டு ஸ்லாக்கில் (உருகிய இரும்பின் மேல் மிதக்கும் கசடில்) இழுத்துவிடலாம். செம்பு அப்படி இல்லை, இரும்பை விட்டுப் பிரியாது. பில்லெட்டை மறுபடி சூடாக்கும்போது மேலே இரும்பு மட்டும் துருச்செதிலாகிப் போக, செம்பு அடியில் சேர்ந்து, 1085 டிகிரிக்கு மேல் உருகி, உள்ளே இறங்கிவிடுகிறது; உருட்டும்போது அங்கேதான் வெடிக்கிறது. கூடவே வெள்ளீயமும் (டின்) இருந்தால் இன்னும் மோசம்.

ஸ்பாஞ்ச் அயர்ன் (தாதுவில் இருந்து நேரடியாக எடுத்த, செம்பு கலக்காத இரும்பு) கலந்து செம்பின் அளவைக் குறைக்கலாம் என்கிறேன். கரண்ட் செலவு ஏறும் என்று மேலே தயங்குகிறார்கள் (அதுவும் பொய்யில்லை, ஸ்பாஞ்சில் கசடு அதிகம், அதையும் உருக்க வேண்டும்). ஒரு சார்ஜில் (ஒரு தடவை உலையில் போடும் சரக்கில்) ஸ்பாஞ்ச் எத்தனை சதவீதம் போட்டு ஓட்டுகிறீர்கள்? யார்டில் ஆள் வைத்துக் காயிலைப் பொறுக்குவது யாருக்காவது கட்டுப்படியானதா? நிக்கல் சேர்த்தால் வெடிப்பு குறையும்தான். ஆனால் கட்டுமானக் கம்பிக்கு நிக்கல் போட எந்த முதலாளி சம்மதிப்பார்!

ரீஹீட்டிங் (பில்லெட்டை மறுபடி சூடாக்கும்) வெப்பநிலையை மாற்றிப் பார்த்தவர்கள் அதையும் சொல்லுங்கள்.