மறு: சோமடைசேஷன் – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

பொது மருத்துவப் புறநோயாளிகளுக்கு ஒரு துண்டறிக்கை தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மனவேதனை உடல்வலியாக வெளிப்படும் சோமடைசேஷனுக்குத் தமிழ்ச் சொல் கிடைக்காமல் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வருபவர்கள் சொல்வது கை கால் குடைச்சல், நெஞ்சுப் படபடப்பு, வயிற்றைப் பிசைவது. பின்னால் இருப்பது பல நேரம் மனச்சோர்வு, இல்லையென்றால் பதற்றக் கோளாறு. போன வாரம் ஒரு அம்மா மஞ்சப்பையைக் கவிழ்த்து மூன்று ஈசிஜி, இரண்டு ஸ்கேன், ஒரு எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டை மேசையில் பரப்பினார். "எல்லாம் நார்மலாம். அப்ப எனக்குப் பொய்யாவா வலிக்குது?" அவர் கையில் கொடுக்கிற மாதிரி ஒரு சொல் வேண்டும். 'மனநோய்' என்று தொடங்கினால் தாளை மடித்துவிட்டுப் போய்விடுவார்.
– டாக்டர், மதுரை

> ஒரு சொல் வேண்டும்

டாக்டரம்மா, சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது: மெய்ப்பாடு. அழுகை, அச்சம் முதலிய எட்டும் உள்ளத்தில் எழுந்து உடம்பில் தெரிபவை. மெய் என்றால் உடம்பு, உண்மையும் அதுவே. அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது. அகப்பாட்டில் தலைவி மெலிவாள், பசலை பாயும். காரணம் புரியாத தாய் முருகன் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பாள். இன்றைக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். உடம்பைக் குறிக்கும் கிரேக்க 'சோமா'வும் நம் 'சுமை'தான் என்பது என் துணிபு. உயிர் சுமப்பது உடல். இதை விரித்துத் தனி மடல் எழுதுகிறேன்.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

> தனி மடல் எழுதுகிறேன்

வேண்டாம் ஐயா, போன முறை 'மென்பொருள்' என்ற சொல்லுக்கு நாம் பட்டதே போதும். அந்த எட்டில் நகையும் உவகையும் உண்டு, சிரிப்பையும் நோயாக்கிவிடுவோம். 'விளக்கமில்லா உடற்குறிகள்' என்றால் ஓபி வரிசையில் நிற்பவருக்கும் புரியும்.
– மொழிபெயர்ப்பாளன்

அதுதான் ஆகாது தம்பி. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 2013இல் 'விளக்கமில்லாத' என்ற நிபந்தனையையே கைவிட்டது. காரணம் அகப்படவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், அந்த வலியைச் சுற்றி எவ்வளவு கவலை, எவ்வளவு நேரம் போகிறது என்று பார்க்கச் சொல்கிறது. சர்க்கரையோ இதயநோயோ இருப்பவருக்கும் இது சேர்ந்தே வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 வைத்திருக்கும் பெயர் ஏறக்குறைய 'உடல் துயர்'.
– டாக்டர்

யாழ்ப்பாணத்தில் நாங்கள் சிம்ப்டத்தைக் குணங்குறி என்போம், அதையும் கணக்கில் எடுங்கோ. 'துயர்' கனமாகக் கிடக்கு. மெய்வருத்தம்?
– யாழ்ப்பாணத்துக்காரர்

'மெய்வருத்தக் கூலி தரும்.' அது உழைப்பு. வள்ளுவர் முந்திக்கொண்டார்.
– தமிழாசிரியர்

சரி, வெள்ளி வந்துவிட்டது. குழுவில் நால்வர் 'உடல்துயர்' என்கிறீர்கள், இருவரிடமிருந்து பதிலே இல்லை. தலைப்பில் அதையே போட்டு, கீழே 'உங்கள் வலி பொய் இல்லை' என்று கொட்டை எழுத்தில் அனுப்பிவிட்டேன்.
– டாக்டர்

அனுப்பியாயிற்று, சரி. ஆனால் 'துயர்' என்றதும் எனக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிதான் கண்முன் வருகிறது. மறுபதிப்பில் மெய்ப்பாடு என்று மாற்றுங்கள். சுமை–சோமா கட்டுரை இணைப்பில், பதினோரு பக்கம்.
– தமிழாசிரியர்