பிள்ளைகள் தெருவில் விளையாடிய காலத்தில் வீட்டில் இருந்தது யார்?

பலகைவீடு:
மெல்பர்னுக்கு வடக்கே ரெசர்வோரில் ஒரு பழைய வெதர்போர்ட் (மரப்பலகைச் சுவர்) வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வயது எண்பது. பிறந்ததிலிருந்து அதே வீடுதான். வேலியோரம் நின்று பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது.

போன வாரம் பள்ளிக்கூடப் பால் பற்றிச் சொன்னார். ஆஸ்திரேலிய மத்திய அரசு 1950இல் சட்டம் போட்டு, 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசமாகப் பால் கொடுத்தது. ஒரு பைண்டில் மூன்றில் ஒரு பங்கு பிடிக்கிற கண்ணாடிப் புட்டி, மேலே மெல்லிய தகடு மூடி. காலையில் இறக்கி வைத்த கூடை விளையாட்டு இடைவேளை வரை வெயிலிலேயே கிடக்கும். மேலே திரண்டு நிற்கும் வெதுவெதுப்பான ஆடையை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவார்களாம். எழுபது வருடம் கழித்தும் அதைச் சொல்லும்போது அவர் முகம் சுளிக்கிறது.

ஆனால் பள்ளி விட்டபின் நடந்ததைச் சொல்லும்போது அதே முகம் மலர்கிறது. பையை வாசலில் எறிந்துவிட்டு, டிரிப்பிங் (உருக்கிய இறைச்சிக் கொழுப்பு) தடவிய ரொட்டித் துண்டோடு வெளியே ஓடினால், 'டீ' நேரத்துக்குத்தான் வீடு திரும்புவார்கள். அவர்கள் டீ என்பது இராச் சாப்பாடு. மெரி க்ரீக் ஓடையில் தவளை பிடித்தது, தெரு நடுவே பெட்டியை ஸ்டம்பாக நிறுத்தி கிரிக்கெட் ஆடியது என்று நிறையச் சொன்னார். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்டதில்லையாம்.

என் மகளுக்கு ஒன்பது வயது. அறுநூறு மீட்டரில் பள்ளி, அதற்கும் காரில்தான் கொண்டு விடுகிறேன். அந்தச் சுதந்திரத்தை நாம் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிட்டோம், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கனகாம்பரம்:
பலகைவீடு அண்ணா, அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கதையில் ஒருவரைக் காணோம். அந்த ரொட்டியில் டிரிப்பிங் தடவிக் கொடுத்தது யார்? அந்தப் பிள்ளை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது கதவைத் திறந்தது யார்?

அந்தத் தெருவில் பிள்ளை எங்கே விழுந்தாலும் பக்கத்தில் ஏதாவது ஒரு வீட்டில் ஒரு பெண் இருந்தாள். விரும்பி இருந்தவர்களும் உண்டு. பலருக்கு வேறு வழியே இருக்கவில்லை. மத்திய அரசு வேலையில் இருந்த பெண், கல்யாணம் ஆனால் வேலையை விட வேண்டும். அந்த விதி 1966 வரை இருந்தது. நம் விக்டோரியா மாநிலத்தில் ஆசிரியைகளுக்கும் அதே கதி, 1956இல்தான் சட்டத்தை மாற்றினார்கள். வேலை கிடைத்தவளுக்கும் முழுச் சம்பளம் கிடையாது. 1950இல் உயர்த்திய பிறகும், பெண்ணின் அடிப்படைக் கூலி ஆணுடையதில் 75 சதவீதம்தான்.

பிள்ளைகளின் சுதந்திரம் என்று நீங்கள் சொல்வதற்கு அந்தப் பெண்கள்தான் விலை கொடுத்தார்கள்.

பலகைவீடு:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் தாயே பிரன்ஸ்விக்கில் ஒரு பின்னலாடை ஆலைக்கு வேலைக்குப் போனவர். இத்தாலி, கிரீஸிலிருந்து வந்த குடும்பங்களில் எத்தனையோ தாய்மார்கள் ஆலைக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைகளும் தெருவில்தான் விளையாடினார்கள். சாவி கால்மிதிக்கு அடியில் இருக்கும்.

அப்போது கார் குறைவு. எங்கள் தெருவுக்குத் தாரே போடவில்லை, மழை பெய்தால் சேறு. பால்காரர் குதிரை வண்டியில் வந்தார். வீட்டுக்கு மூன்று நான்கு பிள்ளைகள், பள்ளி நடக்கிற தூரம். அம்மா வீட்டில் இருந்தது ஒரு காரணம்தான், அதுவே முழுக் காரணமாகிவிடாது.

வடலி:
அண்ணை, கார் குறைவு எண்டதை மட்டும் வைச்சுக் கணக்குப் போடாதேங்கோ. கார் பெருகப் பெருக என்ன நடந்தது எண்டதையும் பார்க்க வேணும். 1970இல் விக்டோரியா வீதிகளில் ஒரே வருடத்தில் 1061 பேர் இறந்தார்கள். அந்த வருடக் கடைசியில்தான் சீட் பெல்ட் கட்டாயம் எண்ட சட்டம் வந்தது. அந்தக் காலத்துப் பெற்றோர் பயப்படாமல் விட்டது, பயப்பட ஒன்றும் இல்லை என்பதால் இல்லை.

போலியோவையும் மறக்கக் கூடாது. 1956இல் சால்க் தடுப்பூசி வரும்வரை ஒவ்வொரு கோடைக்கும் தாய்மாருக்கு நெஞ்சு பதறும். காலில் இரும்புச் சட்டம் போட்ட ஒரு பிள்ளையாவது அநேகமாக எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இருந்தது.

இன்னொன்று. அந்தத் தெருவில் எங்கட பிள்ளைகள் இருந்திருக்கவே முடியாது. வெள்ளையர் அல்லாதவர் குடியேறுவதைத் தடுத்த வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை அப்போது நடைமுறையில் இருந்தது. நியூ சவுத் வேல்ஸில் ஆதிக்குடிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமல் விட அதிபருக்கு இருந்த அதிகாரம் 1972 வரை விதிப்புத்தகத்தில் கிடந்தது. நீங்கள் 'பிள்ளைகள்' எண்டு பொதுவாக எழுதும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

மல்லியம்மா:
நான் இங்கே அரசுப் பள்ளியில் இருபத்தாறு வருடம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். சேர்ந்த புதிதில் எனக்கு வழிகாட்டிய மூத்த ஆசிரியை ஒருவர் தன் கதையைச் சொன்னார். 1954இல் அவருக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை நிரந்தர ஆசிரியையாக வகுப்பை விட்டுப் போனார். தேனிலவு முடிந்து தற்காலிக ஆசிரியையாக அதே வகுப்புக்குத் திரும்பினார். அதே கரும்பலகை, அதே ஐம்பத்தி மூன்று பிள்ளைகள். பணி மூப்பும் ஓய்வூதியமும் மட்டும் போய்விட்டன. ஆசிரியர் பற்றாக்குறையால் அவர் இல்லாமல் பள்ளியை நடத்த முடியாது, ஆனாலும் அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

திங்கட்கிழமைக் கொடிவணக்கத்தில், பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சட்டத்துக்கும் 'மகிழ்ச்சியோடு' கீழ்ப்படிவேன் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்தச் சொல் வரும்போது தான் வாயை மூடிக்கொள்வதாகச் சொல்வார். சொல்லும்போது சிரிக்கமாட்டார்.

பலகைவீடு தம்பி, அந்தத் தெரு நினைப்பு எனக்கும் பிடிக்கும். பள்ளிக்கு நடந்து வந்த பிள்ளை வகுப்பில் விழிப்பாக இருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கனகாம்பரம்:
மல்லியம்மா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன். 1950களை மீட்டெடுப்போம் என்று யாராவது ஆரம்பித்தால், மூன்றரை மணிக்கு வீட்டில் யார் இருப்பது என்ற கேள்வி உடனே எங்கள் பக்கம்தான் திரும்புகிறது. எங்கள் வீட்டில் அது நடந்தது. 'பிள்ளை பாவம், நீ பார்ட் டைம் போயேன்' என்று என்னிடம்தான் சொன்னார்கள். என் கணவர் பார்ட் டைமுக்கு மாறுவார் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. அதனால்தான் இந்தப் பேச்சு வந்தாலே எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மேல் இல்லை அண்ணா.

பலகைவீடு:
புரிகிறது கனகாம்பரம். நான் முதலில் எழுதியதை மறுபடி படித்தேன். அந்தத் தாயை நான் ஒரு வரியில்கூடக் குறிப்பிடவில்லை. அது என் தப்புதான்.

நேற்று மாலை பக்கத்து வீட்டு அம்மாவிடமே கேட்டேன், உங்கள் அம்மாவுக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்ததா என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கொல்லையில் சாய்ந்து நிற்கும் ஹில்ஸ் ஹாய்ஸ்டைக் காட்டினார். துணி காயப்போடும் அந்தச் சுழல்கம்பிதான். ஆலையில் சேர்ந்து முதலில் கிடைத்த சம்பளத்தில் அவர் அம்மா வாங்கியதாம். 'அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்' என்றார்.

ஆனாலும் பிள்ளைகள் நடக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. எங்கள் தெருவில் ஐந்து வீடுகளில் அதே பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சேர்ந்து நடந்து போகட்டும், சேர்ந்து திரும்பட்டும். பெரியவர் ஒருவர் முறை வைத்து வீட்டில் இருந்தால் போதும்.

வடலி:
இது நல்ல யோசனை அண்ணை. பெரிய வீதியைக் கடக்கிற இடத்தில் மட்டும் ஒரு ஆள் நிற்க வேணும்.

கனகாம்பரம்:
சரி. அந்த ஐந்து வீட்டில் முறை எடுத்துக்கொள்ள எத்தனை அப்பாக்கள் சம்மதித்தார்கள்?

பலகைவீடு:
இப்போதைக்கு நான் மட்டும்தான். புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து வேலை, அந்த இரண்டு நாளும் என் பொறுப்பு. மற்ற நாலு பேரையும் ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கிறேன். அம்மாக்களைக் கேட்கப் போவதில்லை.