ரம்மி ஆப்பை மூடிட்டாங்க, நான் குடுத்த ஆதார் இப்ப யார்கிட்ட இருக்கு?

தறிச்சத்தம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க. சோமனூர் பக்கம் எனக்கு, விசைத்தறி ஓட்டறேன். நைட் ஷிப்ட்ல நூல் அந்தா முடிச்சு போடோணும், நூல் சுத்தின தார் தீந்தா மாத்தோணும், மத்த நேரமெல்லாம் தூங்காம முழிச்சிட்டு இருக்கறதுதான் வேலையே, அப்படி தூக்கத்துக்கு பயந்து போன்ல ஆரம்பிச்சதுதாங்க இந்த ரம்மி. ரெண்டு வருசத்துல நாப்பதாயிரம் கிட்ட போச்சு. அதைப் பத்தி பேச வரல, போனது போச்சு.

பிரச்சனை வேற. ஆரம்பத்துல ஜெயிச்ச பணத்தை எடுக்க பேன் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், ஒரு செல்பி கேட்டாங்க, குடுத்தேன். அப்பறம் 2025ல நம்ம ஸ்டேட் கவர்மெண்ட் புது ரூல் போட்டிருக்குன்னு சொல்லி ஆதார் நம்பரும் ஓடிபியும் கேட்டாங்க, குடுக்காட்டி ஆட முடியாதுன்னாங்க, அதையும் குடுத்தேன். குடுத்து ஆறு மாசம்கூட ஆகலைங்க, ஆகஸ்ட்ல சென்ட்ரல் கவர்மெண்ட் சட்டம் போட்டு காசு கட்டி ஆடற எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. வாலட்ல கிடந்த 1,860 ரூபா திரும்பி வந்துச்சு, ஆப்பையும் தூக்கிட்டேன், சனியன் விட்டுச்சுன்னு நிம்மதியா இருந்தேன்.

இப்ப ஒரு மாசமா வாட்ஸப்ல ஏதோ வெளிநாட்டு நம்பர்ல இருந்து மெசேஜ் வருது, 5,000 போனஸ் இருக்கு இந்த லிங்க்ல போய் ஆடுங்கன்னு. வழக்கமா வர்ற குப்பைன்னு விட்டிருப்பேன், ஆனா அதுல என்னை கூப்பிட்டிருக்கற பேரு நான் அந்த ரம்மி ஆப்ல மட்டும் வெச்சிருந்த பேருங்க. எங்க அம்மிச்சி வளத்த ஆட்டுக்குட்டியோட பேரு, பின்னாடி மூணு நம்பர் சேத்து வெச்சது. வேற எங்கயும் அதை நான் போட்டதே இல்ல.

பேரும் போன் நம்பரும் வெளிய போயிருக்குன்னா ஆதாரும் போயிருக்குமா? என் பேர்ல எவனாவது லோன், சிம்முன்னு வாங்கிட்டா என்ன பண்றது? ஆப்தான் மூடியாச்சே, நான் குடுத்ததையெல்லாம் அழிச்சுடுங்கன்னு கேக்க முடியுமா, யார்கிட்ட கேக்கறது? வீட்ல இன்னும் ஆதார் வரைக்கும் குடுத்தது தெரியாது, அதனால போலீஸ் ஸ்டேசன்னு ஆரம்பிக்காம சொல்லுங்க.

பிரவுசிங்சென்டர்_அண்ணாச்சி:

தம்பி முதல்ல பதறாதீங்க. நான் கடையநல்லூர்ல பதினாறு வருசமா நெட் சென்டர் வச்சிருக்கேன், தினமும் ஆதாரோடதான் பொழப்பு, அதனால சொல்லுதேன். ஆதார் நம்பர் மட்டும் ஒருத்தன்கிட்ட இருந்தா உங்க பேங்க்ல இருந்து காசு எடுத்துர முடியாது. கைரேகையும் சேந்து கிடைச்சாத்தான் ஆபத்து, ஏன்னா கிராமத்துல மெஷின்ல விரல் வச்சு காசு எடுக்காங்கல்லா, அதை வச்சு நெறைய ஏமாத்து நடந்திருக்கு. அதனால இன்னைக்கே ஆதார் சைட்ல போயி பயோமெட்ரிக்கை லாக் பண்ணிருங்க, ரெண்டு நிமிச வேலைதான். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கிடுங்க, லாக் பண்ணுனா ரேஷன் கடையில உங்க விரல் எடுக்காது, அன்னைக்கு மட்டும் டெம்பரவரியா திறந்துக்கிடணும், பத்து நிமிசத்துல அதுவா பூட்டிக்கிடும். இது தெரியாம ஒரு ஆச்சி ரேஷன் கடை வாசல்ல என்னையப் போட்டு திட்டுன திட்டு இருக்கே, இன்னும் காதுல கேக்கு.

அதே சைட்ல ஆதென்டிகேஷன் ஹிஸ்டரின்னு ஒண்ணு இருக்கும், கடைசி ஆறு மாசத்துல உங்க ஆதாரை யாரு, எப்ப சரிபாத்தாங்கன்னு தேதியோட காட்டும். தெரியாத பேரு எதுவும் இருக்கான்னு பாருங்க. சிம்முக்கு சஞ்சார் சாத்தின்னு கவர்மெண்ட் சைட் இருக்கு, உங்க போன் நம்பரும் ஓடிபியும் போட்டா உங்க பேர்ல எத்தனை கனெக்‌ஷன் ஓடுதுன்னு லிஸ்ட் வரும், உங்களது இல்லைன்னா அங்கயே ‘என் நம்பர் இல்லை’ன்னு அமுக்கி விட்ரலாம். லோனுக்கு சிபில் ரிப்போர்ட் (உங்க பேர்ல என்னென்ன கடன் இருக்குன்னு காட்டுறது) பாருங்க, வருசத்துக்கு ஒண்ணு முழு ரிப்போர்ட் இலவசமா குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு, அதனால 500 குடு 1,000 குடுன்னு எவனாவது கேட்டா குடுக்காதீங்க.

இனிமே யாரு கேட்டாலும் முதல் எட்டு நம்பர் மறைச்சு வர்ற மாஸ்க்டு ஆதாரைக் குடுங்க. சொல்லுறதுக்கு எனக்கே கூச்சமாத்தான் இருக்கு, எங்க கடை ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடிக்கு அடியில ஒரு நாளைக்கு ரெண்டு ஒரிஜினல் ஆதாராவது மறந்துட்டுப் போறாங்க, பிரிண்ட் எடுக்க என் வாட்ஸப்புக்கு அனுப்புனது எத்தனை ஆயிரம் கிடக்குன்னு எனக்கே தெரியாது. ரம்மி கம்பெனியைச் சொல்லி என்ன செய்ய.

இஞ்சிசோடா:

ப்ரோ அந்த யூசர்நேம் டேபிள்ல கூட ஆடுன எல்லாருக்கும் தெரியும், அதனால பேரு மட்டும்னா எவனோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருந்தான்னு விடலாம். ஆனா பேரு கூட உன் போன் நம்பரும் சேந்து போயிருக்குல்ல, அது டேபிள்ல தெரியாது. கம்பெனிகிட்ட இருந்தோ, கம்பெனிக்கு எஸ்எம்எஸ் அனுப்பிக் குடுத்தவன், மார்க்கெட்டிங் பண்ணவன், கஸ்டமர் கேர் எடுத்து நடத்துனவன்னு யார்கிட்ட இருந்தோதான் போயிருக்கணும். ஆளை விட்டு கம்பெனியை மூடறப்ப லிஸ்ட்டை பென்டிரைவ்ல போட்டுட்டுப் போக எவ்ளோ நேரம் ஆகும்? என் யூகம்தான், ப்ரூஃப் கிடையாது.

எனக்கு கடுப்பே வேற இடத்துல. 2020ல இருந்து பாத்துட்டு இருக்கேன், பப்ஜிய தூக்குனாங்க, 2022 பிப்ரவரியில ஃப்ரீ ஃபயரை தூக்குனாங்க, பப்ஜியோட இந்திய வெர்ஷன் பிஜிஎம்ஐ வந்துச்சு அதையும் அதே வருஷம் ஜூலைல தூக்கி 2023ல திருப்பி விட்டாங்க. ஒவ்வொரு தடவையும் டேட்டா பாதுகாப்புன்னு ஒரு காரணம், சரி தூக்கிட்டீங்க, ஏற்கனவே அவன்கிட்ட போன டேட்டா என்ன ஆச்சுன்னு ஒரு வரி யாராவது சொன்னாங்களா? ஆப்பு ஸ்டோர்ல இல்லைன்னா டேட்டாவும் இல்லைன்னு நெனைச்சுக்கறாங்க போல. இப்ப உள்ளூர் ரம்மிய மூடுனதும் வெளிநாட்ல உக்காந்துட்டு டெலிகிராம்ல லிங்க் விடறவன்தான் மிச்சம், ஒரு சைட்டை பிளாக் பண்ணா பேர்ல ஒரு எழுத்து மாத்தி அடுத்த நாளே வந்துடறான், அவனுக்கு கேஒய்சியும் (ஆதார், பேன் வாங்கி ஆள் யாருன்னு சரிபாக்கறது) கிடையாது ராத்திரி 12 மணிக்கு மேல ஆடக்கூடாதுங்கற ரூலும் கிடையாது.

வேப்பம்பூ:

இஞ்சிசோடா தம்பி, உங்களுக்கு இது கேமா தெரியுது. என் சொந்தத் தம்பி கல்யாணத்துக்கு எடுத்து வெச்ச அஞ்சு பவுனை அடகு வெச்சு ஆடினான், அதுவும் பாதி ராத்திரிக்கு மேலதான். பகல்ல அம்மா, நான்னு பாத்துட்டு இருப்போம், பன்னெண்டு மணிக்கு மேல அவனும் போனும் மட்டும்தானே. அந்த 12 மணியில இருந்து காலைல 5 மணி வரைக்கும் ஆடக்கூடாதுன்னு தமிழ்நாட்டு ரூல் 2025 பிப்ரவரியில வந்தப்ப எங்க வீட்ல அன்னைக்குத்தான் எல்லாரும் தூங்கினோம். அதுக்கு எதிரா கம்பெனிங்க ஹைகோர்ட்டுக்குப் போனாங்களே, ஆதார் கேக்கறது ஆடறவங்க பிரைவசிக்கு விரோதம்னு. அஞ்சு வருஷமா பாஸ்புக், பேன் கார்டு, மூஞ்சின்னு எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கிட்டவங்களுக்கு ஆதார்ன்னதும்தான் எங்க பிரைவசி மேல அக்கறை வந்துச்சு பாருங்க. ஜூன் 3ஆம் தேதி கோர்ட்டு ரூல் செல்லும்னு சொல்லிருச்சு.

பிளாக் பண்ணா வேற பேர்ல வருவான்னா, வரட்டும், டிவியில கிரிக்கெட் ப்ளேயர் வந்து ஆடுங்கன்னு சொல்றது நின்னுச்சுல்ல, எனக்கு அது போதும். ஆனா தறிச்சத்தம் அண்ணா கேட்ட கேள்வி நியாயம்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆதார் வாங்கச் சொன்ன அரசாங்கமே, கடையை மூடறப்ப அதை என்ன பண்ணணும்னும் சொல்லியிருக்கணும். வீட்ல சொல்லிடுங்கண்ணா. நாங்க பணம் போனதை மன்னிச்சிட்டோம், மறைச்சதைத்தான் இன்னும் முடியல.

செக்‌ஷன்_சாமி:

கடையை மூடறப்ப ஆதாரை என்ன பண்ணணும்னு வேப்பம்பூ கேட்ட பாயிண்ட்தான் மேட்டரே. மாநில அரசு ஒழுங்குபடுத்தப் பாத்துச்சு, அதுக்கு ஆதார் வேணும்னுச்சு, மத்திய அரசு ஆகஸ்ட் 2025ல நாடாளுமன்றத்துல ரெண்டு நாள்ல சட்டத்தை பாஸ் பண்ணி 22ஆம் தேதி ஜனாதிபதி கையெழுத்தும் வாங்கிருச்சு, நடத்தறவனுக்கு 3 வருஷம் ஜெயில், 1 கோடி அபராதம், விளம்பரம் பண்ணா 2 வருஷம், 50 லட்சம்னு எல்லாம் இருக்கு (ஆடினவங்க மேல கேஸ் கிடையாது, தறிச்சத்தம் அதுக்கு பயப்பட வேணாம்), ஆனா ஏற்கனவே வாங்கி வெச்ச கேஒய்சி குவியலுக்கு தனியா ஒரு வழி சொல்லல, அதை தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் பாத்துக்கும்னு விட்டாச்சு. அந்தச் சட்டம் 2023ல பாஸ் ஆச்சு, விதிகள் வந்தது நவம்பர் 2025, அழிக்கச் சொல்லிக் கேக்கற உரிமை உட்பட முக்கியமானதெல்லாம் அதுல இருந்து 18 மாசம் கழிச்சு, அதாவது 2027 மே மாசம்தான் அமலுக்கு வரும். மெட்ராஸ் மெயில் மாதிரி, வரும், ஆனா இப்ப வராது.

அதுலயும் ஒரு வேடிக்கை. 50 லட்சம் யூசருக்கு மேல வெச்சிருக்கற ஆன்லைன் கேம் கம்பெனின்னா, நீங்க கடைசியா போனதுல இருந்தோ இல்ல விதிகள் வந்ததுல இருந்தோ, எது பிந்தியோ அதுல இருந்து 3 வருஷம் நீங்க எட்டிப் பாக்கலைன்னா அவனே அழிச்சாகணும், 48 மணி நேரத்துக்கு முன்னாடி உங்களுக்கு சொல்லணும். கணக்குப் போட்டுப் பாத்தா 2028க்கு முன்னாடி நடக்காது. நடுவுல போனஸ் என்ன ஆச்சுன்னு லாகின் பண்ணிப் பாத்தீங்கன்னா மறுபடி முதல்ல இருந்து எண்ண வேண்டியதுதான்.

இப்போதைக்கு கையில இருக்கறது ஐடி (தகவல் தொழில்நுட்ப) சட்டத்துக்குக் கீழ 2011ல வந்த பழைய விதிகள். குடுத்த சம்மதத்தை எழுத்து மூலமா திரும்ப வாங்கிக்கலாம்னு அதுல இருக்கு, குறைதீர்ப்பு அதிகாரின்னு ஒருத்தரை வெச்சு ஒரு மாசத்துக்குள்ள பதில் சொல்லணும்னும் இருக்கு. பேங்க் அக்கவுண்ட் விவரம் அந்த விதிகள் சொல்ற முக்கியத் தகவல் லிஸ்ட்ல நேரா வருது, ஆதார் நம்பர்னு தனியா எழுதல, அதனால அந்த அதிகாரிக்குப் போடற மெயில்ல பாஸ்புக்கை முதல்ல சொல்லிட்டு அதுக்கப்பறம் மத்ததைச் சொல்லுங்க. பேன் மட்டும் உடனே அழிக்க மாட்டாங்க. 2023 ஏப்ரல்ல இருந்து ஜெயிச்ச பணத்துல 30 சதவீதம் டிடிஎஸ்னு வரி பிடிச்சாங்கல்ல, அந்தக் கணக்கு உங்க 26ஏஎஸ்ங்கற வரி ஸ்டேட்மெண்ட்ல நிக்கும், அதுக்கான ஆவணத்தை சில வருஷம் வெச்சிருந்தே ஆகணும், சட்டப்படி வெச்சிருக்க வேண்டியதை அழிக்கச் சொல்ல புது தரவு பாதுகாப்புச் சட்டத்துலயும் இடம் இல்ல.

புதுச் சட்டத்துல டேட்டாவை சரியா காப்பாத்தலைன்னா 250 கோடி வரைக்கும் அபராதம்னு பேப்பர்ல பாத்திருப்பீங்க. அது மொத்தமும் அரசாங்க கஜானாவுக்கு. டேட்டா போனவனுக்கு நஷ்ட ஈடு குடுக்கற ஐடி சட்டத்தோட பழைய பிரிவு 43ஏ இதோட போகப் போகுது. அதுவே நீங்க பொய்ப் புகார் குடுத்தா உங்களுக்கு 10,000 வரைக்கும் அபராதம். யாரைக் காப்பாத்த எழுதின சட்டம்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

இஞ்சிசோடா:

சிம் செக் பண்ண வெப்சைட் மட்டும் போதும் ப்ரோ, ஆப்பு இறக்காத. 2025 நவம்பர் மாசம் எல்லா புது போன்லயும் அந்த சஞ்சார் சாத்தி ஆப்பை கம்பெனியே போட்டு விக்கணும்னு ஆர்டர் போட்டு, ஊரே கத்துனதும் டிசம்பர் 3ஆம் தேதி வாபஸ் வாங்குனாங்களே. நல்ல சைட்டுதான், நான் இல்லைன்னு சொல்லல, ஆனா என் போன்ல என்ன இருக்கணும்னு நான்தான் சொல்லுவேன்.

அக்கா, உங்க தம்பி விசயம் தெரியாம பேசிட்டேன், சாரி. அந்த நைட் டைம் ரூல் நல்லதுதான், ஒத்துக்கறேன். அதை ஒழுங்கா நடத்த விட்டிருக்கலாம்னுதான் சொல்ல வந்தேன்.

தறிச்சத்தம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பயோமெட்ரிக் லாக் பண்ணிட்டேன், ஹிஸ்டரியில ரேஷன் கடையும் பேங்கும் மட்டும்தான் இருந்துச்சு. சிம் லிஸ்ட்ல ரெண்டு நம்பர் காட்டுச்சு, ஒண்ணு என்னுது, இன்னொன்னு யாருதுன்னே தெரியல, கை காலெல்லாம் ஆடிப் போச்சு. ‘என் நம்பர் இல்லை’ன்னு அமுக்கப் போற நேரத்துல எதுக்கும் ஒருக்கா கூப்பிட்டுப் பாப்போம்னு கூப்பிட்டா எங்கம்மா எடுத்துச்சு. நாலு வருசத்துக்கு முன்னாடி நான்தான் என் பேர்ல வாங்கிக் குடுத்தனாமா. வீட்ல விசயம் அப்படியே வெளிய வந்துருச்சு, வேப்பம்பூ அக்கா, நீங்க சொன்னது நடந்துருச்சு, ரெண்டு நாளா சாப்பாடு மட்டும்தான் போடறாங்க, பேச்சு இல்ல.

சாமி சார் சொன்ன மாதிரி குறைதீர்ப்பு அதிகாரி அட்ரசுக்கு மெயில் போட்டேன். இன்னைக்கு காலைல பதில் வந்துச்சுங்க. என் விவரத்தை அழிக்கறதுக்கு முன்னாடி நான் நாந்தானான்னு உறுதி பண்ணோணுமாம், அதனால ஆதார் கார்டு முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் தெளிவா ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லியிருக்காங்க.

பிரவுசிங்சென்டர்_அண்ணாச்சி:

மாஸ்க் பண்ணி அனுப்புங்க தம்பி. ஸ்கேன் பண்ணிட்டு கண்ணாடிக்கு அடியில மறந்துட்டு வந்துராதீங்க.