கர்னல் டீபக் ஆப்ஷன் எழுதினால் அழிந்துபோகிறது, உதவுங்கள்

புதுப்பானை:
வணக்கம். லினக்ஸ் கர்னலை நானே பில்ட் செய்து கியூஎமு என்ற மெய்நிகர் கணினியில் ஓட்டி, ஜிடிபி டீபக்கரை இணைத்துப் பார்க்கிறேன். பில்ட் ஆப்ஷன்கள் இருக்கிற .கான்ஃபிக் கோப்பைத் திறந்து ‘கான்ஃபிக்_டீபக்_இன்ஃபோ=ஒய்’ என்று எழுதிச் சேமித்தேன். மேக் கொடுத்து முடிந்ததும் போய்ப் பார்த்தால் அந்த வரியே இல்லை. மறுபடி எழுதினாலும் அதே கதை. ஜிடிபி, டீபக் சிம்பல் (ஃபங்ஷன் பெயர், வரி எண் விவரம்) எதுவும் இல்லை என்கிறது. யூடியூபில் ஒருவர் இதையேதான் செய்கிறார், அவருக்கு வருகிறது. ஒரு ட்ரைவரின் ப்ரோப் ஃபங்ஷனில் (சாதனம் கிடைத்ததும் கர்னல் அழைப்பது) நிறுத்திப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை ரிவ்யூ, சீக்கிரம் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

சும்மா_ஒருவன்:
எந்த வெர்ஷன்? எந்த ஆர்க்கிடெக்சர்? .கான்ஃபிக் எங்கிருந்து வந்தது, கர்னலோடு வரும் டெஃப்கான்ஃபிக்கா அல்லது உங்கள் டிஸ்ட்ரோவின் பூட் கோப்புறையிலிருந்து எடுத்ததா?

கொல்லிமலை:
டிஸ்க் நிறைந்திருக்கும், பாருங்கள். டிஸ்ட்ரோ கான்ஃபிக்கை டீபக் இன்ஃபோவோடு பில்ட் செய்தால் ஜிபி ஜிபியாகத் தின்னும். எனக்கு லிங்க் செய்யும் கட்டத்தில் வந்து செத்தது. டிஎஃப் -எச் போட்டுக் காட்டுங்கள்.

சும்மா_ஒருவன்:
இடம் இல்லையென்றால் பில்ட்தான் நிற்கும். .கான்ஃபிக்கில் ஒரு வரி மட்டும் எப்படி அழியும்?

டெர்மினல்_தாத்தா:
‘தானாக உருவான கோப்பு, திருத்தாதே’ என்று .கான்ஃபிக்கின் தலையிலேயே எழுதியிருக்கிறது. அதைக்கூடப் படிக்காமல் கர்னலுக்குள் இறங்கி என்ன செய்யப் போகிறீர்கள் தம்பி? ஆப்ஷன்களை மாற்ற மெனுகான்ஃபிக் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? சோர்ஸோடு டாக்குமென்டேஷன் கோப்புறையும் வருகிறது, வீடியோ பார்க்கிற நேரத்தில் அதைப் புரட்டியிருக்கலாம்.

வெண்பூசணி:
தாத்தா காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். நண்பரே, ஜிடிபிக்கு எந்தக் கோப்பைக் கொடுக்கிறீர்கள்? பிஇசட்இமேஜைக் கொடுத்தால் ஒன்றும் வராது, அது சுருக்கிய கோப்பு. சோர்ஸ் கோப்புறையிலேயே விஎம்லினக்ஸ் என்று பெரிதாக ஒன்று இருக்கும், அதைக் கொடுக்க வேண்டும்.

புதுப்பானை:
விஎம்லினக்ஸ்தான் கொடுக்கிறேன். எக்ஸ்86, 64 பிட். வெர்ஷன் லேட்டஸ்ட்தான்.

சும்மா_ஒருவன்:
லேட்டஸ்ட் என்பது வெர்ஷன் இல்லை ப்ரோ. மேக் கர்னல்வெர்ஷன் போட்டு எண்ணைச் சொல்லுங்கள். அப்படியே .கான்ஃபிக்கில் டீபக்_இன்ஃபோ என்று க்ரெப் செய்து (தேடி) வருவதை எல்லாம் இங்கே போடுங்கள்.

புதுப்பானை:
6.6. டெஃப்கான்ஃபிக்தான். க்ரெப்பில் டீபக்_இன்ஃபோ_நன்=ஒய் என்று வருகிறது. அதை நான் போடவில்லை.

நெய்தல்:
அதேதான் காரணம். அந்த வீடியோ 5.18-க்கு முந்தைய கர்னலில் எடுத்ததாக இருக்கும். அப்போது டீபக்_இன்ஃபோ என்பது ஆன் ஆஃப் செய்யக்கூடிய ஒரு சாதாரண ஆப்ஷன். 2022-இல் வந்த 5.18-இல் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: ஒன்றும் வேண்டாம், டூல்செயின் (கம்பைலர் தொகுப்பு) எதைத் தருகிறதோ அந்த டுவார்ஃப் (டீபக் விவரத்தின் வடிவம்), டுவார்ஃப் 4, டுவார்ஃப் 5. இயல்பாக இருப்பது ‘ஒன்றும் வேண்டாம்’. டீபக்_இன்ஃபோவை இனி நேரடியாக யாரும் போட முடியாது, டுவார்ஃபில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தால் அது தானாக ஆன் ஆகும். நீங்கள் எழுதிய வரியை மேக் படிக்கிறது, ‘நன்’ தேர்வாகியிருப்பதைப் பார்க்கிறது, உங்கள் வரியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கோப்பைத் திரும்ப எழுதுகிறது. எரர் எதுவும் வராது.

சோர்ஸ் கோப்புறையில் நின்றுகொண்டு இதைப் போடுங்கள்:
ஸ்க்ரிப்ட்ஸ்/கான்ஃபிக் -டி டீபக்_இன்ஃபோ_நன் -இ டீபக்_இன்ஃபோ_டுவார்ஃப்_டூல்செயின்_டீஃபால்ட் -இ ஜிடிபி_ஸ்க்ரிப்ட்ஸ்
அதன்பின் மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக். உடனே பில்ட் ஆரம்பிக்காமல் மறுபடி க்ரெப் செய்து வரி நிற்கிறதா என்று பாருங்கள். அந்த ஸ்க்ரிப்ட் எதை எது சார்ந்திருக்கிறது என்று சோதிக்காது, சொன்னதை எழுதிவிட்டுப் போய்விடும். டீபக்_கர்னலும் ஆனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்தத் தேர்வே திறக்காது.

டெர்மினல்_தாத்தா:
மெனுகான்ஃபிக்கில் சாய்கோடு அடித்துத் தேடியிருந்தால் எதை எது தேர்கிறது என்று அதுவே சொல்லியிருக்கும். நான் சொன்னதும் அதுதான்.

வெண்பூசணி:
நீங்கள் சொன்னது ‘போய்ப் படி’ என்பது மட்டும்.

புதுப்பானை:
சிம்பல் வந்துவிட்டது, நன்றி நெய்தல்! ஆனால் கர்னல் தொடங்கும் ஸ்டார்ட்_கர்னலில் ப்ரேக்பாயின்ட் வைத்தால் நிற்காமல் நேராக லாகின் வரை ஓடிவிடுகிறது.

கொல்லிமலை:
ஆப்டிமைசேஷன்தான். மேக்ஃபைலில் -ஓ2 இருக்கும், -ஓ0 ஆக்குங்கள்.

நெய்தல்:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தேவையில்லாத கோடைக் கம்பைலர் நீக்கிவிடும் என்று நம்பித்தான் கர்னலில் பல இடங்கள் எழுதப்பட்டிருக்கின்றன, -ஓ0-வில் பில்டே ஆகாது. சில வேரியபிளைக் கேட்டால் ‘ஆப்டிமைஸ்ட் அவுட்’ என்று வரும், அதோடுதான் வாழ வேண்டும்.

வெண்பூசணி:
கேஏஎஸ்எல்ஆர். ஒவ்வொரு பூட்டிலும் கர்னல் வேறு முகவரியில் போய் உட்காரும், ஜிடிபியோ விஎம்லினக்ஸில் இருக்கிற முகவரியில் காத்துக்கொண்டிருக்கும். கியூஎமுவின் -அப்பெண்டில் நோகேஏஎஸ்எல்ஆர் சேருங்கள். பூட்டின் தொடக்கத்திலேயே நிறுத்த வேண்டுமென்றால் ப்ரேக்குக்குப் பதில் எச்ப்ரேக் (வன்பொருள் ப்ரேக்பாயின்ட்) போடுங்கள், சாதாரண ப்ரேக்பாயின்ட் வைத்த இடத்தின் மேலேயே கர்னல் பிறகு வந்து இறங்கி அதை அழித்துவிடும்.

டெர்மினல்_தாத்தா:
ஒரு ப்ரோப் ஃபங்ஷனைப் பார்க்க இத்தனை கூத்து. லாகில் அச்சிடும் ப்ரிண்ட்கே நாலு போட்டிருந்தால் முடிந்திருக்கும். தனக்கு டீபக்கர் பிடிக்காது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2000-இல் எழுதியிருக்கிறார்.

கொல்லிமலை:
அதே மெயிலில் ஜிடிபியை எப்போதும் பயன்படுத்துவதாகவும் எழுதியிருக்கிறார், டீபக்கராக இல்லை, மெஷின் கோடைப் படிக்கும் டிஸ்அசெம்ப்ளராக. பாதியை மட்டும் சொல்லாதீர்கள். தவிர 2008-இல் 2.6.26-லேயே கர்னலுக்குள் இருக்கும் டீபக்கரான கேஜிடிபியைச் சேர்த்துக்கொண்டார்களே.

டெர்மினல்_தாத்தா:
சேர்த்தார்கள். அதனால் புத்தி வந்ததா? ஸ்டெப் ஸ்டெப்பாக நகர்த்துகிறவன் அறிகுறியைத்தான் பார்ப்பான்.

சும்மா_ஒருவன்:
ப்ரிண்ட்கே போட்டால் டைமிங் மாறி ரேஸ் (இரண்டு வேலைகள் முந்திக்கொள்ளும் பிழை) ஒளிந்துகொள்ளும், ப்ரேக்பாயின்டில் நின்றால் அதைவிட மோசம். மெமரி, லாக் தகராறு என்றால் இரண்டுமே வேண்டாம், மெமரிப் பிழைக்குக் கேஏசான், லாக் பிழைக்கு லாக்டெப் போட்டு ஓட்டுங்கள். கேஏசானின் ஜெனரிக் மோட் எட்டில் ஒரு பங்கு மெமரியைத் தன் கண்காணிப்புக் குறிப்புக்கு (நிழல்) எடுத்துக்கொள்ளும், கியூஎமுவுக்குக் கொஞ்சம் தாராளமாக ராம் கொடுத்தால் போதும்.

கொல்லிமலை:
ஒவ்வொரு ப்ரிண்ட்கேவுக்கும் பில்ட் செய்ய வேண்டியதும் இல்லை தாத்தா. பிஆர்_டீபக், டெவ்_டிபிஜி என்று எழுதி டைனமிக்_டீபக்கை ஆன் செய்தால் ஓடும்போதே மாட்யூல் வாரியாகத் திறந்து மூடலாம்.

டெர்மினல்_தாத்தா:
அதுவும் ப்ரிண்ட்கேதான். என் கட்சிக்கு வந்ததற்கு நன்றி.

புதுப்பானை:
நின்றது 👍 எல்லோருக்கும் நன்றி

நெய்தல்:
எதில் நின்றது, எச்ப்ரேக்கிலா, நோகேஏஎஸ்எல்ஆர் போட்டதுமேவா? அடுத்து வருகிறவர்களுக்கு உதவும். உங்கள் ட்ரைவர் தனி மாட்யூல் என்றால் ப்ரோப்பில் நிற்க விஎம்லினக்ஸ் சிம்பல் மட்டும் போதாது. இன்ஸ்மாட் (மாட்யூலை ஏற்றும் கட்டளை) செய்வதற்கு முன்பே ஜிடிபியில் எல்எக்ஸ்-சிம்பல்ஸ் கொடுத்து வையுங்கள், மாட்யூல் ஏறும்போது அதுவே எடுத்துக்கொள்ளும். ஜிடிபி அந்தக் கட்டளையே தெரியாது என்றால் .ஜிடிபிஇனிட்டில் கர்னல் ஸ்க்ரிப்டை அனுமதிக்கும் சேஃப்-பாத் வரி விட்டுப்போயிருக்கும்.

சும்மா_ஒருவன்:
@புதுப்பானை மாட்யூலா, பில்ட்-இன்னா?

கொல்லிமலை:
ரிவ்யூவுக்கு ஓடியிருப்பார். தாத்தா, டைனமிக் டீபக்கில் இயல்பாக ஒன்றும் அச்சாகாது, அது எப்படி ப்ரிண்ட்கே ஆகும்?