மிகை வெயிலில் இலை செய்வதற்கு ஒரு சொல்: ‘ஒளிவடிப்பு’

அன்புடையீர், வணக்கம்.

சோயா விளைச்சலைக் கூட்டிய 2022 ஆய்வைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். நான்காவது வரியிலேயே கை நின்றுவிட்டது. மிகையான ஒளியாற்றலை இலை வெப்பமாகக் கழிப்பதை ஆங்கிலத்தில் ‘நான்-ஃபோட்டோகெமிக்கல் குவென்சிங்’ என்கிறார்கள். அதற்குக் கலைச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: ஒளிவேதிசாராத் தணிப்பு, வெப்பத்தணிப்பு, ஒளித்தணிப்பு. மூன்றையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன், மூன்றும் இடறுகின்றன. ஏன் என்று சொல்லிவிட்டு என் பரிந்துரையை வைக்கிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். ஆடு மாடு வெயில் ஏறினால் நிழலுக்கு ஒதுங்கும், பயிர் நட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். நெல், சோயா போன்ற பயிர்களின் மேலிலைகளில், உச்சி வெயிலின் பாதி அளவு ஒளியிலேயே ஒளிச்சேர்க்கை கிட்டத்தட்ட உச்சத்தைத் தொட்டுவிடும். மக்காச்சோளமும் கரும்பும் இன்னும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் உச்சத்தைத் தொட்ட பிறகும் பச்சையம் ஒளியை வாங்கிக்கொண்டேதான் இருக்கும். செலவாகாத அந்த ஆற்றல் அங்கேயே தங்கினால், ஆக்சிஜனைத் தீங்கான வடிவத்துக்கு மாற்றி, ஒளிச்சேர்க்கை செய்யும் புரதங்களையே சிதைத்துவிடும். அதனால் இலை மிகையான ஆற்றலை வெப்பமாக மாற்றி வெளியே விடுகிறது. பச்சையத்தின் அருகிலிருக்கும் வயோலாசாந்தின் என்ற நிறமி, ஒளி மிகும்போது சியாசாந்தினாக மாறுகிறது. மக்காச்சோள மணியின் மஞ்சளில் இருப்பதும் இதே சியாசாந்தின்தான், அதன் பெயரே மக்காச்சோளத்தின் அறிவியல் பெயரிலிருந்து வந்தது. அதுவும் பிஎஸ்பிஎஸ் என்ற புரதமும் சேர்ந்துதான் ஆற்றலை வெப்பமாகக் கழிக்க உதவுகின்றன.

ஆங்கிலப் பெயரில் இதில் எதுவுமே இல்லை. இலையின் நிலையை அளக்க ஆய்வாளர்கள் பச்சையத்தின் உடனொளிர்வைப் பார்க்கிறார்கள். வாங்கிய ஆற்றலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு சிவப்பொளியாகத் திரும்பி வரும். ஆற்றல் ஒளிச்சேர்க்கைக்குப் போனால் அந்தச் சிவப்பொளி மங்கும், அது ஒளிவேதித் தணிப்பு. ஒளிச்சேர்க்கைக்குப் போகாமலும் மங்கினால் ‘அது அல்லாத’ தணிப்பு. ஆகக் கருவியில் தெரிந்ததை வைத்து இட்ட பெயர் இது, அதுவும் எதிர்மறையாக. நாம் ‘ஒளிவேதிசாராத் தணிப்பு’ என்று அப்படியே பெயர்த்தால், கருவியைப் பார்த்தே இராத தமிழ் மாணவருக்கு எது தணிகிறது என்பதே புரியாது.

வெப்பத்தணிப்பு என்று எழுதிய நண்பரின் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கேட்டவுடன் இலை குளிர்கிறது என்றல்லவா தோன்றுகிறது! இலை குளிர்வது நீராவிப்போக்கால், அது வேறு வேலை. ஒளித்தணிப்பு என்றால் நாற்றங்காலுக்கு மேல் கட்டும் நிழல்வலைதான் நினைவுக்கு வருகிறது. அதில் ஒளி இலைக்கு வரும் முன்பே குறைகிறது. இங்கே ஒளி உள்ளே வந்துவிட்டது. வந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

எங்கள் பக்கத்துக் கண்மாயில் இதற்கு நேரான ஏற்பாடு உண்டு. வயலுக்குத் தண்ணீர் மடை வழியாகப் போகும். மடை தாங்கும் அளவுக்கு மேல் வெள்ளம் வந்தால் கரை உடையாதபடி கலுங்கு வழியாக மறுகால் பாயும். இலையில் ஒளிச்சேர்க்கை மடை, நாம் பெயர் தேடுவது கலுங்கு. அதனால் ‘ஒளிக்கலுங்கு’ என்று வைக்கலாமா என இரண்டு நாள் யோசித்தேன். அழகான சொல், விட மனமில்லை. ஆனால் கலுங்கு ஓர் அமைப்பின் பெயர், நமக்குச் செயலின் பெயர் வேண்டும். வினையாக நீளாத கலைச்சொல் ஒரு தலைப்போடு நின்றுபோகும். ‘வடி’ நீளும்: இலை வடிக்கிறது, ஆற்றல் வடிகிறது, வடிப்புத்திறன், வடிப்பு வேகம். வயலில் வடிகால் இருக்கிறது, அடுப்படியில் சோறு வடிக்கிறோம். மிகுந்ததை வெளியே விட்டு வேண்டியதைக் காப்பது என்ற பொருள் அந்த வேரிலேயே கிடக்கிறது. எனவே ‘ஒளிவடிப்பு’ என்பது என் பரிந்துரை. பாடநூலில் முதல் முறை வரும்போது ‘மிகையொளி வடிப்பு’ என்று முழுதாகச் சொல்லி, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். வெளியேறுவது வெப்பமாகத்தானே என்று கேட்பீர்கள். அதை வரையறையில் சொல்லலாம், சொல்லுக்குள் திணிக்க வேண்டாம்.

இதையொட்டி இன்னொன்று. ‘ஃபோட்டோஇன்ஹிபிஷன்’ என்பதற்கு ஒளித்தடை என்ற சொல் இங்கே வந்தது. அது ஒளியை மறிக்கும் திரை போல ஒலிக்கிறது. உண்மையில் வடித்தும் போதாமல் டி1 என்ற புரதம் பழுதாகி இலையின் திறன் இறங்குவதே அது. இலை பழுதான புரதத்தை மாற்றி மாற்றிக் கட்டும், பெரும்பாலும் மீண்டுவிடும். ‘ஒளியயர்வு’ என்றால் இறங்குவதும் மீள்வதும் இரண்டும் அடங்கும். நண்பகலில் இலை தொங்குவதை யாரும் இதோடு சேர்த்துவிட வேண்டாம். அந்த வாடல் நீர்ப் பற்றாக்குறையால் வருவது. ஒளியயர்வு கண்ணுக்குத் தெரியாது.

சரி, சொல்லின் உண்மையான சோதனை வாக்கியத்தில்தான். சோயா செய்தியை இப்படி எழுதிப் பார்த்தேன்:

“வெயில் ஏறினால் ஒளிவடிப்பு விரைவில் தொடங்கிவிடும். ஆனால் மேகம் மறைத்தாலோ மேலிலையின் நிழல் விழுந்தாலோ அது உடனே நிற்பதில்லை. பல நிமிடங்களுக்கு, ஒளிச்சேர்க்கைக்குப் போக வேண்டிய ஒளியும் வெப்பமாக வடிந்துகொண்டே இருக்கும். இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வடிப்பை விரைவாகத் தொடங்கவும் விரைவாக நிறுத்தவும் உதவும் மூன்று மரபணுக்களின் செயலைக் கூட்டினர். 2016-இல் வெளியான ஆய்வில் வயல் புகையிலையின் உலர் எடை ஏறத்தாழ 15 விழுக்காடு உயர்ந்தது. 2022-இல் சோயா முடிவு வந்தது: மரபணு மாற்றிய ஐந்து வகைகளில் விளைச்சல் சராசரியாக 24.5 விழுக்காடும், உச்சமாக 33 விழுக்காடும் கூடியது. விதையின் புரதமும் எண்ணெயும் குறையவில்லை.”

தடையில்லாமல் ஓடுகிறது என்று நினைக்கிறேன். ஒரு வேண்டுகோள்: இந்தச் செய்தியை எழுதுவோர், அதே சோயா ஆய்வின் இரண்டாம் ஆண்டு வயல் சோதனையில் பயிர் சாய்ந்துவிட்டதால் அந்த அளவு பலன் தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆய்வகங்களில் சோதனைக்கு வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இதே மாற்றத்தைச் செய்தபோது வளர்ச்சி கூடவில்லை. விளைச்சல் எண்ணை மட்டும் எடுத்துப் போட்டால் உழவருக்கு நாம் பொய் சொன்னதாகும்.

ஒரு கண்ணி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மேகம் வந்த பிறகு வடிப்பு மெல்ல மெல்ல நிற்பதை ஆங்கிலத்தில் ‘ரிலாக்ஸேஷன்’ என்கிறார்கள். ‘தளர்வு’ என்று பெயர்த்தால் இலை சோர்ந்துபோனது போலாகிவிடும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்கிறோமே, அந்தத் தூவானம் ஓய்கிற நிலை இது. இப்போதைக்கு ‘வடிப்பு ஓய்வு’, ‘ஓயும் நேரம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் ‘ஓய்வு’ என்பது இளைப்பாறுதலையும் குறிப்பதால் மனம் ஒப்பவில்லை. வெள்ளம் இறங்கி மறுகால் நிற்பதைக் கண்மாய்ப் பாசனம் பார்த்தவர்கள் உங்கள் ஊரில் என்னவென்று சொல்வீர்கள்? ஒரே வினையில் சொல்லும் வழக்கு இருந்தால் எழுதுங்கள், அதை வைத்தே அடுத்த வரைவைத் திருத்துகிறேன்.

அன்புடன்.