பார்வையாளர் குறைந்த கழகத்தை எப்படித் தாங்கிப் பிடிப்பது?

கேள்வி:
திருகோணமலையில் கீழ்ப்பிரிவில் ஆடும் எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் கணக்கை நானே எழுதி வருகிறேன். கடந்த ஞாயிறு ஏகாம்பரம் மைதானத்துக்கு 30 பேர்கூட வரவில்லை. கையிருப்பு வேன் வாடகைக்கே போதாததால், எங்கள் கோல் காப்பாளர் கிழிந்த கையுறையை நைலோன் நூலால் தைத்துப் போட்டுக்கொண்டுதான் இறங்கினார். என்ன செய்யலாம், அண்ணன்மாரே?

பதில்:
தம்பி, கடன் மட்டும் வாங்க வேண்டாம். 1885இல் தொடங்கிய இங்கிலாந்தின் பரி கழகம், பணச்சிக்கலைத் தீர்க்க முடியாமல் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. மாறாக, தங்கள் கழகம் வேறு நகருக்குப் போவதை ஏற்காத விம்பிள்டன் ரசிகர்கள், 2002இல் தாங்களே புதிய கழகத்தைத் தொடங்கி, அதை அடிமட்டப் பிரிவிலிருந்து தொழில்முறை லீக் வரை உயர்த்தினார்கள். ஊராரிடம் மாதச் சந்தா வாங்கி, வரவு செலவை மைதான வாசலிலேயே ஒட்டுங்கள்; கணக்குத் தெரிந்தால் கொடுப்பார்கள்.

பதில்:
ஆட்ட நேரத்தையும் பாருங்கள். மூன்று மணி வெயிலில் யார் வந்து நிற்பார்? நாலரைக்குத் தொடங்கி, அதற்கு முன் 12 வயதுச் சிறுவர்களை ஆட விட்டால், பிள்ளைகளோடு பெற்றோரும் வருவார்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சந்தாப் புத்தகத்தை நாளைக்கே அச்சிடக் கொடுக்கிறேன். முதல் பணத்தில் கையுறை வாங்குவோம்.