பிள்ளைகள் ஆடியோவைத் தள்ளிவிட்டுக் கேட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

செந்தூல்வாசி:
கோலாலம்பூரில் ஒரு டியூஷன் நிலையத்துக்குத் தமிழ் கேட்டல் பயிற்சிப் பக்கம் செய்கிறேன். பிள்ளைகள் ஆடியோவை முன்னே தள்ளிவிட்டுக் கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஆடியோ ஓடும்போது பிரவுசர் அடிக்கடி அனுப்பும் 'டைம்அப்டேட்' நிகழ்வு வரும்போதெல்லாம் பழைய 'கரண்ட்டைம்' (ஆடியோ எத்தனையாவது நொடியில் இருக்கிறது என்ற) மதிப்பைக் கழித்துப் பார்க்கிறேன். 1 நொடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தாவல் என்று பதிகிறேன். சரிதானே?

ஜார்ஜ்டவுன் மாலை:
இல்லை அண்ணே. பழைய போன் திணறினால் டைம்அப்டேட் தாமதமாகும், தாவாத பிள்ளையின் பெயரும் பதிவாகும். தாவும்போது 'சீக்கிங்', முடிந்ததும் 'சீக்ட்' என்று பிரவுசரே நிகழ்வு அனுப்புகிறதே! ஒன்று கவனம்: சீக்கிங் வரும்போது கரண்ட்டைம் ஏற்கெனவே புது இடத்தைக் காட்டும். கிளம்பிய இடம் தெரிய வேண்டுமென்றால் கடைசி டைம்அப்டேட் மதிப்பைச் சேமித்து வையுங்கள். ஆடியோவின் சீக்கிங் பண்பு 'ட்ரூ' ஆக, அதாவது தாவல் முடியாமல் இருக்கும்போது, சேமித்த மதிப்பை மாற்றக் கூடாது.

பாயான்லெப்பாஸ்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் ஸ்கிரிப்ட் கரண்ட்டைமை மாற்றினாலும் சீக்கிங் வரும், லூப்பில் ஆடியோ முதலிலிருந்து திரும்பத் தொடங்கினாலும் வரும். பட்டையை ஒருமுறை இழுத்தாலே சரமாரியாக வரும். அதை எண்ணிப் பிள்ளையைக் குறை சொல்வது அநியாயம். எவ்வளவு கேட்டது என்பதுதானே கேள்வி? அதற்கு, ஓடிய பகுதிகளைக் காட்டும் 'பிளேய்ட்' பண்பு இருக்கிறது. 120 நொடி ஆடியோவில் 0–40, 95–120 என்று காட்டினால் நடுவில் 55 நொடி ஓடவில்லை. அவ்வளவுதான்.

ஜார்ஜ்டவுன் மாலை:
சத்தத்தை மூடிவிட்டு ஓடவிட்டாலும் பிளேய்ட் ஏறுமே! பக்கத்தை ரீலோட் செய்தால் காலியாகிவிடும். அதைவிட முக்கியம், ஒரே இடத்தை மூன்று தடவை கேட்டாலும் அதில் ஒரே துண்டுதான். பிள்ளைகள் எந்த வரிக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள் என்று ஆசிரியருக்குத் தெரிந்தால், அந்த வரியை வகுப்பில் எடுத்துச் சொல்லலாம். சீக்ட் வந்த பிறகு 300 மில்லிநொடி பொறுத்து எழுதினால் இழுப்பெல்லாம் ஒரே பதிவாகும். ஸ்கிரிப்ட் தாவுவதற்கு முன் ஒரு அடையாளம் வைத்தால் அதையும் பிரித்துவிடலாம்.

பாயான்லெப்பாஸ்:
ஆசிரியர் பார்க்கட்டும், அதில் தகராறு இல்லை. மதிப்பெண்ணில் மட்டும் கை வைக்காதீர்கள். எல்ஆர்டி ரயிலில் கேட்கிற பிள்ளைக்கு அறிவிப்புச் சத்தத்தில் ஒரு வரி போய்விடும். பின்னால் இழுக்கும்போது விரல் தவறி முன்னேயும் ஓடும். அது ஏமாற்றா?

செந்தூல்வாசி:
அப்போ கேள்வியைத் திறக்க பிளேய்ட், ஆசிரியர் பார்வைக்கு சீக்கிங் என்று வைக்கிறேன். அப்புறம், குரோமில் தள்ளினால் ஆடியோ 0-க்கே திரும்புகிறதே?

ஜார்ஜ்டவுன் மாலை:
சர்வரைப் பாருங்கள். கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் ரேஞ்ச் கோரிக்கைக்கு 206 (பகுதி மட்டும்) என்ற பதில் எண் வர வேண்டும். 200 (முழுக் கோப்பு) வந்தால் அதுதான் காரணமாக இருக்கும். ஆனால் கேள்வியைப் பூட்டுவதே எனக்குச் சம்மதமில்லை அண்ணே.